நன்மைப் பக்கத்தில் ஒரு தாய்

மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் அவளுக்குக் கஞ்சியக்கா என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் டாக்டர்களின் வெள்ளைக் கோட்டுகளுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தாள் என்பது ஒரு காரணம். எந்த விஷயத்திலும் வளைந்துகொடுக்காமல் விறைப்பாக நிற்பாள் என்பது இன்னொரு காரணம். பிறகு அவளை மடிப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

கூடத்தின் மேற்பார்வையாளர் ஓய்வுபெறப் போகிறார், அந்த இடத்துக்கு எழுத்துத் தேர்வு வைத்து ஆள் எடுப்பார்கள் என்று பேச்சு வந்தபோது, கஞ்சியக்கா முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள். துணிக்கணக்கிலும் சோப்பு மருந்துகளின் விவரத்திலும் அவளுக்குப் பயமில்லை. பயமெல்லாம் கட்டுரைதான். ஏதாவது ஒரு விஷயத்தைக் கொடுத்து, அதன் நன்மை தீமைகளை அலசி, கடைசியில் நம் முடிவைச் சொல்லச் சொல்வார்களாம். அதற்காக நூலகத்து மாடியில் மாலை வகுப்பு நடந்தது. சலவை இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் மெஷின்காரரும் அந்த வகுப்பில் சேர்ந்திருந்தார்.

முதல் கட்டுரை கைபேசியைப் பற்றியது. கஞ்சியக்கா தீமைகளைப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினாள். நன்மை என்று வந்த இடத்தில், "தூரத்தில் இருப்பவரோடு பேசலாம்" என்று ஒரு வரி எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிட்டாள்.

"இது கட்டுரை இல்லம்மா, சண்டை," என்றார் டீச்சர். வகுப்பே சிரித்தது. கஞ்சியக்காவும் சிரித்தாள். ஆனால் அடுத்த கட்டுரையும் அப்படியே வந்தது, அதற்கடுத்ததும் அப்படியே. ஒரு நாள் டீச்சர் அவளைத் தனியாக நிறுத்திச் சொன்னார்.

"உங்களுக்குப் பிடிக்காத பக்கத்தை நம்புற ஒருத்தரை மனசுல நினைச்சுக்கோங்க. அவங்க உங்க எதிர்ல உட்கார்ந்து பேசுற மாதிரி எழுதுங்க. நிஜமான ஆளா இருக்கணும். அப்பதான் எழுத்துல உயிர் வரும்."

அந்த வாரத் தலைப்பு, குழந்தைகளை உறவினர் வீட்டில் விட்டு வளர்ப்பது.

தலைப்பைப் பார்த்ததுமே கஞ்சியக்கா நோட்டை மூடிவிட்டு மறுபடி திறந்தாள். அவளே பெரியம்மா வீட்டில் விடப்பட்டு வளர்ந்தவள். தீமைகளை எழுத அவள் யோசிக்கவே வேண்டியதில்லை. நன்மைக்குத்தான் ஆள் வேண்டும். கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு தங்கச்சி நினைவுக்கு வந்தாள்.

தங்கச்சி கூடப்பிறந்தவள் இல்லை. மடிப்புப் பிரிவில் அவளுக்கு ஜோடி. பெரிய விரிப்புகளை ஒருத்தியாக மடிக்க முடியாது. இருவரும் ஆளுக்கிரண்டு முனையைப் பிடித்து உதறி, நடந்து வந்து முனைகளைச் சேர்த்து, மறுபடி விலகிப் போக வேண்டும். அப்படி நெருங்கி வருகிற ஒவ்வொரு முறையும் தங்கச்சி ஏதாவது சொல்வாள். கஞ்சியக்கா அவளைத் தங்கச்சி என்று கூப்பிட, கூடம் முழுக்க அதுவே அவள் பெயராகிவிட்டது.

தங்கச்சியின் புருஷன் எங்கோ தூரத்தில் கப்பல் வேலையில் இருந்தான். ராத்திரியில் தூங்காமல் வீறிட்டு அழும் சின்னப் பெண்ணோடு தங்கச்சி தனியாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் தாங்க முடியாமல், வேறொரு ஊரில் இருக்கும் தன் அக்கா வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு வந்தாள். அதைப் பற்றி ஒரு நாள், விரிப்பின் முனையை நெஞ்சோடு பிடித்தபடி, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"பாப்பாவை விட்டுட்டு வந்த அன்னிக்கு, கதவைச் சாத்திட்டு அழுது தீர்க்கப்போறேன்னு நினைச்சேன்க்கா. அழுகை வரலை. தூங்கிட்டேன். முழிச்சப்போ உடம்பு எவ்வளவு லேசா இருந்துச்சு தெரியுமா? நான்லாம் என்ன அம்மாக்கா?"

கஞ்சியக்கா அப்போது முனையை வாங்கி மடித்து வைத்தாள். உள்ளுக்குள் அவளுக்குக் கோபம்தான். பெற்ற பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் தூக்கமா என்று நினைத்தாள். ஆனால் இப்போது, கட்டுரைக்காக அந்தப் பேச்சை ஒவ்வொரு சொல்லாக நினைவுபடுத்திப் பார்த்தபோது, கோபம் கரைந்துபோயிற்று. எவ்வளவு களைத்திருந்தால் ஒருத்தி அப்படித் தூங்கியிருப்பாள்! அது அவளுக்கு அன்றுதான் உறைத்தது. பேனா தானாக ஓடியது.

வகுப்பில் அதை வாசித்தாள். "எனக்குத் தெரிந்த ஒரு தாய், துணி மடிக்கும் வேலை செய்பவள்" என்று ஆரம்பித்து, சாத்திய கதவையும், வராத அழுகையையும், வந்த தூக்கத்தையும் சொன்னாள். துணி மடிப்பவள் என்றதை அடித்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இருந்தால் உயிரோட்டமாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். வாசித்து முடித்ததும் வகுப்பு கைதட்டியது. டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கஞ்சியக்கா தரையில் கால் பாவாமல் வீட்டுக்குப் போனாள்.

அந்தப் பூரிப்பு அடுத்த நாள் சாப்பாட்டு வேளை வரைதான்.

எல்லோரும் நீள மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மெஷின்காரர் கை கழுவிக்கொண்டே வந்தார்.

"என்ன தங்கச்சி, பொண்ணை அனுப்பிட்டு நல்ல தூக்கமாமே! உங்க அக்கா வீட்டுல இன்னும் இடமிருந்தா சொல்லு, எங்க வீட்டு வாலுங்களையும் ஏத்தி விடுறேன்."

மேசை முழுக்கச் சிரிப்பு. விளங்காமல் தங்கச்சியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பிறகு விளங்கியது. அந்தத் தூக்கத்தைப் பற்றி அவள் ஒரே ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அந்த ஒருத்தியைப் பார்த்தாள். பாதி சாப்பாட்டிலேயே டப்பாவை மூடிவிட்டு எழுந்து போனாள்.

"சும்மா தமாசுக்குத்தான்க்கா சொன்னேன்," என்று மெஷின்காரர் கையைப் பிசைந்தார். அவரைத் திட்ட வாயெடுத்த கஞ்சியக்கா நிறுத்திக்கொண்டாள். எந்த முகத்தோடு திட்டுவது?

மத்தியானம் விரிப்பைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நின்றார்கள்.

"வகுப்புல நன்மை தீமைக் கட்டுரைக்குத்தான் எழுதினேன். உன் பேரைச் சொல்லலை தங்கச்சி."

 தங்கச்சி மடித்த விரிப்பை அடுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தாள். முனைகளைச் சேர்க்க வந்தபோது கேட்டாள்.

"என்னை எந்தப் பக்கம் போட்டீங்க?"

"நன்மைப் பக்கம்தான். உன்னைத் தப்பா எழுதலை, சத்தியமா."

"அப்ப தீமைப் பக்கம்? அங்க யாரோட கதை?"

 தீமைப் பக்கத்தில் கஞ்சியக்கா, "சில குழந்தைகள் அந்நியமாக உணரக்கூடும்" என்று எழுதியிருந்தாள். அந்தச் சில குழந்தைகள் வேறு யாருமில்லை, அவளேதான். தன்னை மட்டும் பொத்திப் பொத்தி மறைத்துவிட்டு, அடுத்தவள் நெஞ்சைத் திறந்து காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கிறாள்.

"யாரோடதும் இல்ல. பொதுவா எழுதினேன்," என்றாள்.

தங்கச்சி தலையை ஆட்டிக்கொண்டாள். அன்று சாயங்காலமே அழுக்குத் துணி பிரிக்கும் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். நாற்றமும், துணிக்குள் கிடக்கும் ஊசி குத்தும் அபாயமும் உள்ள வேலை. யாரும் விரும்பிப் போகாத இடம். கொஞ்ச நாளில் குழந்தையைத் திரும்பக் கூட்டிவந்துவிட்டாள் என்றும், ராத்திரித் தூக்கமில்லாமல் வேலையில் கண்சொருகுகிறாள் என்றும் செய்தி வந்தது.

கஞ்சியக்கா நடந்ததை வீட்டில் சொன்னாள். "நீ ஒண்ணும் பொய் சொல்லிடலையே," என்று புருஷன் ஆறுதல் சொன்னார். பொய்யாக இருந்திருந்தால் தேவலையே என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கச்சியின் வீட்டுக்குப் போனாள். படியேறும்போதே குழந்தை அழும் சத்தம். கதவைத் திறந்த தங்கச்சி, குழந்தையை இடுப்பில் வைத்தபடி வாசலிலேயே நின்றாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

கஞ்சியக்கா நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். தான் பெரியம்மா வீட்டில் வளர்ந்ததைச் சொன்னாள். யாரும் அவளை அடித்ததில்லை, திட்டியதில்லை. ஆனாலும் அந்த வீட்டில் ஒரு அலமாரியைக்கூடக் கேட்காமல் திறந்ததில்லை. கல்யாணமான புதிதில் தன் சொந்த வீட்டிலேயே, "தண்ணி எடுத்துக்கட்டுமா" என்று புருஷனிடம் கேட்டு நின்றாள்.

"அதை எழுத எனக்குத் தைரியமில்லை தங்கச்சி. உன்னோடதை எழுதிட்டேன். தப்புதான். என்னை மன்னிச்சிடு."

தங்கச்சி குழந்தையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"மறுபடி இவளைக் கொண்டுபோய் விட்டுடலாமான்னு நேத்துதான் யோசிச்சேன். முடியலைக்கா என்னால. இப்ப நீங்க வந்து அலமாரிக் கதையைச் சொல்றீங்க. மன்னிப்புக் கேட்க வந்தீங்களா, தீமைப் பக்கத்தை எங்கிட்ட படிச்சுக் காட்ட வந்தீங்களா?"

 பாரத்தை இறக்கிவைக்கத்தான் கஞ்சியக்கா வந்தாள். அதையும் தங்கச்சியின் தலையில் இறக்கிவிட்டாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவளையே உற்றுப் பார்த்தது. "வரேன்" என்றுகூடச் சொல்லத் தோன்றாமல் படியிறங்கினாள்.

தேர்வு வந்தது. பழைய கருவிகளைப் பழுதுபார்ப்பதா, புதிது வாங்குவதா என்று தலைப்பு. இரண்டு பக்கத்தையும் சமமாக எழுதினாள். மனிதர் யாரையும் எடுத்துக்காட்டவில்லை. தேறிவிட்டாள்.

மேற்பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக, யாருக்கு எப்போது வேலை என்ற முறைப்பட்டியலைப் பிரித்தாள். தங்கச்சியை இரவும் பகலும் மாறி மாறி வரும் முறையிலிருந்து பகல் வேலைக்கு மாற்றி, குழந்தைகள் காப்பகம் திறக்கும் நேரத்துக்குத் தோதாக எழுதினாள். மடிப்புப் பிரிவுக்கே திரும்ப வருகிறாளா என்று ஆள்விட்டுக் கேட்டாள். பகல் வேலையைத் தங்கச்சி ஏற்றுக்கொண்டாள். மடிப்புப் பிரிவு வேண்டாம் என்று சொல்லியனுப்பினாள்.

காப்பகம் மூடியிருந்த ஒரு நாள், விடுப்பு சொல்ல அவள் குழந்தையோடு வந்தாள். குழந்தை கொஞ்சம் சதைபோட்டிருந்தது. ராத்திரி இப்போது பரவாயில்லை போலிருக்கிறது என்று கஞ்சியக்கா நினைத்துக்கொண்டாள், கேட்கவில்லை.

"இவங்க யாரும்மா?" என்றது குழந்தை.

தங்கச்சி ஒரு நொடி தயங்கினாள். "பெரிய மேடம். வணக்கம் சொல்லு," என்றாள்.

குழந்தை கைகூப்பியது. கஞ்சியக்காவும் கைகூப்பினாள். "நாளைக்கு வந்தா போதும்," என்றாள். "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுத் தங்கச்சி குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவர்கள் வாசலைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கஞ்சியக்கா கூடத்துக்குள் போனாள்.