மாறியிருந்தது படமல்ல

மூன்று வருடங்களுக்கு முன்பு, தைப்பூசத்துக்கு முந்தைய வாரம் அது. குருண் என்ற ஊரில் கையுறை செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்குக் காலை ஷிப்ட். வேலைக்கு நடுவே அடிவயிற்றின் இடது பக்கம் வலி பிடித்துக்கொண்டது. வாயுவாக இருக்கும் என்று இஞ்சித் தண்ணீர் குடித்து ஒரு நாளைத் தள்ளினேன். மறுநாள் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. காய்ச்சல், வாந்தி வேறு. பீடோங் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து அம்மா ஓடி வந்தார். கணவர் எங்கள் இருவரையும் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

குடல்வால் வீங்கினால் வலது பக்கம்தான் வலிக்கும் என்பார்கள். எனக்கோ இடது பக்கம். அதனால் டாக்டருக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, மருந்து கொடுத்து அனுப்பிவிடலாம் என்றார்.

எக்ஸ்ரே எடுத்தவர் ஒரு தமிழ்ப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளே போனார். கூட வேலை செய்பவர் அவரிடம் சொல்வது கேட்டது. "இடம் வலம் மாத்திப் போட்டுட்ட லா. படத்தப் பக்கம் மாத்திப் போட்டு அனுப்பிடு."

"இல்லண்ணே, இடது வலது அடையாளத்த நானே என் கையால வச்சேன். மாறியிருக்காது."

அவர் வெளியே வந்து என் முன்னால் குனிந்தார். "அக்கா, ஒங்க நெஞ்சு எந்தப் பக்கம் துடிக்கும்?"

வலது பக்கம் கை வைத்துக் காட்டினேன். நினைவு தெரிந்த நாளிலிருந்து அங்கேதான் துடிக்கிறது. எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

அவர் அப்படியே டாக்டரிடம் ஓடினார். அடுத்து ஸ்கேன், அதற்கடுத்து அறுவை சிகிச்சை. என் உடம்புக்குள் எல்லாமே கண்ணாடியில் தெரிவதுபோல் பக்கம் மாறியிருந்ததாம். இதயம் வலப்பக்கம், கல்லீரல் இடப்பக்கம், குடல்வாலும் இடப்பக்கம். அது வெடிக்கும் நிலையில் இருந்தது என்றார் டாக்டர்.

நான் பிழைத்துவிட்டேன். அம்மாதான் உடைந்துபோனார். "ஒன்ன வயித்துல வச்சிக்கிட்டு செம்பனைத் தோட்டத்துல புல்லக் கொல்ற மருந்து அடிச்சேனே. அந்த வெசந்தான் உள்ள எல்லாத்தயும் மாத்திப் போட்டுருச்சி" என்று சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள், தன் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெண் என்னைப் பார்க்க வந்தார். அம்மா சொன்னதைக் கேட்டுவிட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கரு கடுகவிடச் சின்னதா இருக்கறப்பவே இது முடிவாயிரும்மா. நடுவுல இருக்கற சில செல்லுங்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத முடி இருக்கும். அது சுத்திச் சுத்தி, அங்க இருக்கற நீர இடது பக்கமாத் தள்ளும். ஓரத்துல உள்ள செல்லுங்க அந்த ஓட்டத்த உணர்ந்து, இதுதான் இடதுன்னு அடுத்ததுக்குச் சேதி சொல்லும். அத வச்சுத்தான் இதயம், ஈரல் எல்லாம் தன் தன் பக்கம் திரும்பும். அக்காவுக்குச் சேதி மறுபக்கம் போயிருக்கு. அவ்வளவுதான். எல்லாமே சேந்து மாறினதால ஒழுங்கா வேலை செய்யுது."

அம்மா கண்ணைத் துடைத்தார். "இது எத்தனாவது மாசத்துல?"

"மாசக் கணக்கே இல்லம்மா. மூணாவது வாரம், நாலாவது வாரம். மாசமா இருக்கறதே ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

அம்மா விரல் விட்டு எண்ணினார். ரொம்ப நேரம் எண்ணினார். "என்னைய மருந்து அடிக்கிற வேலைக்கு மாத்தினது அஞ்சாவது மாசம்" என்றார் மெதுவாக. "அதுக்கு முந்தி கீழ உதிர்ந்த செம்பனைப் பழந்தான் பொறுக்கினேன்."

"அப்பறம் என்னம்மா? சாப்பிடுங்க."

அன்று மத்தியானம் அம்மா ஒரு பொட்டலம் சோற்றை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். என் கட்டில் ஓரத்தில் தலை சாய்த்து அப்படியே தூங்கிப்போனார்.

என் உயிரைக் காப்பாற்றியதற்கு அந்தப் பெண்ணிடம் அன்றே நன்றி சொல்லிவிட்டேன். ஆனால் வாழ்நாள் முழுக்க அம்மா சுமந்திருக்கக்கூடிய ஒரு பழியைச் சாப்பாட்டு நேரத்தில் வந்து இறக்கிவைத்துவிட்டுப் போனாரே, அதற்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை.