நகத்தூள் ஒட்டிய கை

திராட்சைக்கு மருந்தடித்துவிட்டு வரும் என் கணவர், குளிக்காமல் மகனைத் தொட நான் விட்டதே இல்லை. சின்னமனூரில் எனக்கு அழகு நிலையம். ஏசி குளிர் வீணாகுமென்று கதவைச் சாத்திக்கொண்டுதான் ரசாயனப் பசை தடவிச் செயற்கை நகம் ஒட்டுவேன்.

அன்று ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ஒட்டிய நகத்தை ராவிக்கொண்டிருந்தேன். திடீரென்று இருமினாள். மூச்சு இழுத்தது, கண் செருகியது. பதறிப்போய்க் கதவைத் திறந்தேன். என்னை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்து வெளியே நின்ற கணவர் ஓடி வந்து அவளைத் தாங்கி வெளியே கொண்டுபோனார்.

"ஆத்தாடி, மருந்துத் தொட்டிப் பக்கங்கூட இம்புட்டு நெடி அடிக்காதே! நெதமும் இதுக்குள்ளயா உக்காந்திருக்க?"

ஆஸ்பத்திரியில் அவள் தேறிவிட்டாள். நாங்கள் வீடு திரும்பினோம். வீட்டு வாசலில் மகன் ஓடி வந்தான்.

"தொடாத சாமி, அம்மா குளிச்சிட்டு வாறேன்."

என் விரலிடுக்கில் வெள்ளையாய் நகத்தூள். இத்தனை நாளும் இந்தக் கையால்தான் அவனுக்குச் சோறு ஊட்டியிருக்கிறேன்.