ஆஸ்பத்திரிச் செலவே இல்லாத வீடு

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். மரக்காணம் உப்பளத்தில் கூலியாகச் சேர்ந்து, சொந்தமாக உப்புப்பாத்தி, மளிகைக்கடை, மாடி வீடு எல்லாம் ஒற்றை ஆளாக உண்டாக்கினேன்.

போன ரம்ஜானுக்கு துபாயிலிருந்து மாப்பிள்ளை வந்திருந்தார். "அங்க கார்டைக் காட்டினா வைத்தியம் சும்மா, மாமா. சிங்கப்பூர்ல முன்னெல்லாம் கைக்காசு, இப்ப சம்பளத்துலயே பிடிச்சு வெச்சுடறாங்களாம். இங்கதான் இன்னும் எல்லாமே கைக்காசு" என்றார்.

"நான் குடும்பம் நடத்த ஆரம்பிச்சதுலேர்ந்து இந்த வூட்ல ஆஸ்பத்திரிச் செலவே கிடையாது, மாப்ள!" என்று மார்தட்டினேன்.

டீ ஊற்றிக்கொண்டிருந்த என் மனைவி, டம்ளருக்குப் பதிலாக மாப்பிள்ளையின் கையில் ஊற்றிவிட்டாள். அவர் அலறினார்.

"கண்ணு எங்கடி இருக்கு?" என்று கத்தினேன்.

"ஒரு கண்ணு போன வருஷமே மங்கிடுச்சுங்க. இப்ப இன்னொண்ணும் மங்குது. செலவே இல்லன்னு ஊரெல்லாம் பெருமையா சொல்றீங்களே, அதை நான் எப்படிக் கெடுக்கிறதுன்னு இருந்துட்டேன்" என்றாள்.

மாப்பிள்ளையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மறுநாளே மனைவியைப் பாண்டிச்சேரி கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ஆபரேஷனில் ஒரு கண் தேறியது. விட்டுவைத்ததில் மற்றது போயே போய்விட்டது.

இப்போதெல்லாம் வீட்டில் ஒவ்வொருவரிடமும் எங்கே என்ன வலி என்று கேட்ட பிறகுதான் கடை திறக்கப் போகிறேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் பத்திரிகை ஆசிரியர் ஐயா, அந்த ஆபரேஷன் அறை வாசலில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றவன் நான்தான். அதை வெட்டாமல் போடுங்கள்.