கலீஜ் ஆஸ்பத்திரி

துனீசியா எங்கே இருக்கிறது என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் துனீசியாவில் என்னென்ன செய்யக் கூடாது என்று கேட்டால், நாலாவது படித்துக்கொண்டிருந்த நான்கூட மூச்சு விடாமல் ஒப்பிப்பேன். சீல் உடைக்காத பாட்டில் தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். ஐஸ் போட்ட எதையும் தொடக் கூடாது. சோறோ ரொட்டியோ, சுடச்சுட இருந்தால்தான் சாப்பிட வேண்டும். நறுக்கி வைத்த பச்சைக் காய் வேண்டாம். தெரு நாயையோ பூனையையோ கொஞ்சக் கூடாது. பிறாண்டினால்கூட சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு உடனே ஊசி போட ஓட வேண்டும். இதையெல்லாம் ஏழு மணி செய்தி மாதிரி தினமும் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. வாய்ப்பாடுதான் கடைசி வரை ஆகவில்லை.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். எண்ணூர்ப் பக்கம் ஓர் உரத் தொழிற்சாலையில் ஃபிட்டர். துனீசியாவில் கடலோரமாக இருந்த ஒரு தொழிற்சாலையில் சில மாத ரிப்பேர் வேலைக்கு ஆள் எடுத்தபோது அவர் பெயரும் வந்தது. கிளம்புவதற்கு முன் எல்லோரையும் உட்கார வைத்து, வெளிநாட்டில் உடம்பைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று வகுப்பு எடுத்தார்களாம். நைனா வந்து அதை அம்மாவிடம் சொன்னார். அவ்வளவுதான், அது கம்பெனியின் வகுப்பாக இல்லாமல் அம்மாவின் சட்டமாகிவிட்டது.

அம்மாவுக்குச் சுத்தம் என்றால் உயிர். அழுக்கான எதையும் கலீஜ் என்று சொல்வது எங்கள் பக்கத்துப் பேச்சு, எல்லோரும் சொல்வதுதான். ஆனால் எங்கள் காலடிப்பேட்டையில் அந்தச் சொல்லை அம்மா அளவுக்குத் தேய்த்தவர் யாரும் இருக்க முடியாது. முனைக்கடைப் பானிபூரி கலீஜ். பஸ் கம்பி கலீஜ். பள்ளிக்கூடம் விட்டு வந்து கை கழுவாமல் நின்றால் நான் கலீஜ். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் வேலை முடித்து நேராக உள்ளே வந்துவிட்டால் அவரும், அவர் உட்கார்ந்த நாற்காலியும், சில நாள் அவர் சொல்லும் கருத்தும் கலீஜ்.

அந்த மாமாதான் எங்கள் வெளிநாட்டு ஆலோசகர். அவரிடம் பாஸ்போர்ட் கிடையாது. திருப்பதிக்கு அப்பால் போனதும் இல்லை. ஆனால் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஆப்பிரிக்கா முழுவதையும் அளந்து வைத்திருந்தார். நைனாவின் பெட்டியில் ஓமம், சீரகம், உப்பு சர்க்கரைப் பொடி பாக்கெட்டுகள் எல்லாம் வைத்தது அம்மா. அடியில் இருந்த கருவாட்டுப் பொட்டலத்தைப் பிடுங்கி வெளியே போட்டது மாமா. ஏர்போர்ட்டில் நாய் மோப்பம் பிடித்துவிடும் என்றார். கருவாட்டை நாய் மோப்பம் பிடித்தால் என்ன கேஸ் போடுவார்கள் என்று நைனா கேட்டார்.

நைனா போய்ச் சேர்ந்ததும் தினமும் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடியோ கால் வரும். அவருக்கு அப்போது மத்தியானம். முகத்தைப் பார்த்ததும் அம்மா விசாரணையை ஆரம்பிப்பாள். என்ன தண்ணீர் குடித்தாய், மூடியை நீயே திறந்தாயா, தொப்பி எங்கே. ஊரில் பாய்லருக்குப் பக்கத்தில் வெந்துகொண்டு நிற்கிற மனுஷன், குழந்தை மாதிரி எல்லாவற்றுக்கும் பதில் சொல்வார். அவர் அம்மாவைக் கேட்காமல் சட்டைகூட வாங்கியதில்லை. சம்மதம் கேட்கிறார் என்று வெளியில் தெரிந்தால் கேலி செய்வார்கள் என்று, "வூட்ல சொல்லிட்டு வரேன்" என்பார்.

இத்தனை காபந்தும் பண்ணி அவர் கவிழ்ந்தது ஒரு தர்பூசணித் துண்டில். ரோட்டோரமாக ஒருவன் வெட்டி, ஐஸ் தண்ணீர் தெளித்து அடுக்கி வைத்திருந்தானாம். பட்டியலில் தண்ணீர் உண்டு, ஐஸ் உண்டு, பச்சைக் காய் உண்டு, பழம் இல்லையே என்று இவர் நினைத்திருக்கிறார். நல்ல வெயில் வேறு. தின்றுவிட்டார்.

மறுநாள் கால் வரவில்லை. அதற்கு மறுநாள் வந்தபோது போனைப் பிடித்திருந்தது அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த அத்திப்பட்டுக்காரர். பின்னால் கட்டிலில் நைனா சுருண்டு கிடந்தார். வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை, ஜுரமும் சேர்ந்துகொண்டது என்றார் அவர். கன்னம் ஒட்டி, உதடெல்லாம் வெடித்து, அது என் நைனா முகமாகவே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேன் தயாராக நிற்கிறதாம். டிரைவர் அந்த ஊர்க்காரர், அரபி தவிர வேறு பேச மாட்டார். எந்த ஆஸ்பத்திரி என்று அம்மா கேட்டாள். அத்திப்பட்டுக்காரர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"அதான் ஒண்ணும் புரியலக்கா. இன்னா ஆஸ்பத்திரினு கேட்டா, கலீஜ் கலீஜ்ங்கறான்."

அம்மா முகம் கறுத்துவிட்டது. மாமா உடனே, இந்த மாதிரி ஊரில் நோயைவிட ஆஸ்பத்திரிதான் ஆபத்து, ஊசியைக் கழுவிக் கழுவிப் போடுவார்கள் என்று எடுத்துவிட்டார். அம்மா போனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"அந்த ஊர்க்காரனே கலீஜ்னு சொல்றான். அங்க போயி ஊசி போட்டுகினா இன்னா ஆவறது? நீ எங்கியும் போவாத. ரூம்லயே இரு. பொடியக் கலக்கிக் குடி."

நைனா சரி என்று தலையை ஆட்டினார். அன்றைக்கு வேன் காலியாகத் திரும்பிப் போனது.

அடுத்த நாள் அத்திப்பட்டுக்காரரின் குரலே மாறியிருந்தது. கலக்கிக் கொடுத்ததெல்லாம் வாந்தியாக வருகிறது, காலையிலிருந்து ஒன்றுக்கே போகவில்லை, கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறக்கிறார் என்றார். டிரைவர் மறுபடியும் வந்து நின்றார். இவர்கள் எதற்கு மறுக்கிறார்கள் என்று அந்த மனிதருக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பயப்படுகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். போனை வாங்கிக்கொண்டு போய் ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். தூரத்தில் கடல் தெரிந்தது. அதைக் கையால் காட்டிக் காட்டி, "கலீஜ்! கலீஜ்!" என்றார்.

வேறு ஊர்க்காரர்களாக இருந்திருந்தால் அங்கேயே ஒரு சந்தேகம் வந்திருக்கும். கடலைக் காட்டி ஒருவன் அழுக்கு என்பானா? எங்களுக்கு வரவில்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பலும் எண்ணெயும் மிதப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். கம்பெனி இருக்கிற ஊரில் கடல் கலீஜாகத்தான் இருக்கும் என்பதில் எங்களுக்கு என்ன ஆச்சரியம்? "பாத்தியா, அங்கயும் கடல நாசம் பண்ணி வெச்சிக்கிறானுங்க" என்றார் மாமா. அம்மாவும் ஆமாம் என்றாள்.

சத்தம் கேட்டு மாடி வீட்டு அக்கா இறங்கி வந்தார். குவைத்தில் பல வருஷம் வீட்டு வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். டிரைவர் பேசுவதைக் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டவர், அம்மா தோளைப் பிடித்துத் திருப்பினார்.

"கல்ஃபு கல்ஃபுங்கறோமே, அந்த வளைகுடா கடலத்தாம்மா அரபுல கலீஜும்பாங்க. கடலோரமா கீற ஆஸ்பத்திரிங்கறாரு அவரு. நீ இன்னான்னு நெனச்ச?"

போனில் அத்திப்பட்டுக்காரர் நைனாவின் முகத்துக்கு நேரே திரையைக் காட்டினார். நைனா அந்த நிலையிலும் அம்மாவைத்தான் பார்த்தார்.

"போவட்டா?"

"போய்யா," என்றாள் அம்மா. "சீக்கிரம் போ."

அதற்குப் பிறகு போன் வரவில்லை. அம்மா தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள், ஈரத்தைக்கூடப் பார்க்கவில்லை. நைனா செத்துப்போய்விடுவார் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. யாரிடமும் கேட்கப் பயமாக இருந்தது.

பொழுது விடிந்துதான் கால் வந்தது. நைனாவின் இரண்டு கையிலும் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் கிட்னி போயிருக்கும் என்று டாக்டர் திட்டினாராம். அத்திப்பட்டுக்காரர் வேடிக்கையாக ஆஸ்பத்திரி முழுவதையும் சுற்றிக் காட்டினார். வெள்ளை வெளேர் என்ற படுக்கை, முகம் தெரிகிற தரை. அவ்வளவு சுத்தமான இடத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அம்மா திரையைப் பார்க்காமல் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நைனா இளைத்துத் திரும்பி வந்தார், பேரீச்சம்பழத்தோடு. மாமா கலீஜ் ஆஸ்பத்திரிக் கதையைத் தெரு முழுவதும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் டிரைவர் கொஞ்சம் உயரமானார். கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள், நைனாவும் சிரித்தார்.

கொஞ்ச நாள் கழித்து அதே வேலைக்கு மறுபடியும் கூப்பிட்டார்கள். இந்த முறை ஒரு வருஷம். நைனா தட்டில் கையை வைத்துக்கொண்டே அம்மாவிடம் கேட்டார், போகட்டுமா என்று. என்னைக் கேட்காதே என்றாள் அம்மா. கோபமாக இல்லை, மெதுவாகத்தான் சொன்னாள்.

"இனிமே எதுக்குமே என்ன கேக்காதய்யா. எனக்கு பயமா கீது."

நைனா சாப்பிட்டு முடித்தார். மறுநாள் கம்பெனியில் வரவில்லை என்று சொல்லிவிட்டார். காரணம் கேட்டவர்களிடம், அந்த ஊர் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். பாய்லர் பக்கத்தில் பாதி ஆயுசைக் கழித்தவனுக்கு வெயில் ஒத்துக்கலையாம் என்று மாமா முகத்துக்கு நேரேயே சிரித்தார். நைனா பயந்தாங்கொள்ளி என்று எனக்கும் ஒரே வெட்கம். மறுபடியும் ஃப்ளைட்டில் போகப்போகிறார் என்று வகுப்பு முழுவதும் சொல்லி வைத்திருந்தேன். உண்மையிலேயே வெயில்தான் காரணம் என்று ரொம்ப வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.