மீராசாஹிபின் விரால் கூடை

மீராசாஹிபுக்குத் தன் மச்சான் பலீல் மேல் பொறாமை. இதை யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை. பலீலின் பேரை எடுத்தாலே மனிதருடைய முகம் சுட்ட கத்தரிக்காய் மாதிரி ஆகிவிடும்.

இரண்டு பேருக்கும் தொழில் மீன்பிடி. கலேவெல ஊருக்கு அப்பால் உள்ள ஒரே குளத்தில் ஆளுக்கொரு தோணி. ஒற்றை மரத்தைக் குடைந்த தோணி. ஒருவர் சம்மணம் போட்டால் இடம் முடிந்துவிடும். பிடிப்பதில் மீராசாஹிப் குறைந்தவர் இல்லை. வாய்விட்டுச் சொல்கிறேன், பலீலைவிட ஒரு பங்கு கூடவே பிடிப்பார். பிடித்ததை வைத்துக்கொள்ளத்தான் தெரியாது. தோணியின் அடியில் போட்டுவிடுவார். பாதி மீன் துள்ளிக் குளத்துக்கே திரும்பிவிடும். மீதி வெயிலில் வெந்து, கரைக்கு வரும்போது விரல் வைத்தால் குழி விழும்.

பலீல் அப்படியில்லை. மூடி போட்ட பிரம்புக் கூடையைத் தோணியின் பக்கத்தில் கட்டி, பாதி தண்ணீரிலும் பாதி வெளியிலுமாக மிதக்கவிடுவார். அவர் மீன் சந்தைக்குப் போயும் துள்ளும்.

"எங்கட நானாட மீனப் பாருங்க, சட்டிக்குள்ள போற மட்டும் வாலை ஆட்டுது" என்பாள் ஹமீமா. மீராசாஹிபின் மனைவி, பலீலின் தங்கை. கட்டிய புருஷனிடம் கூடப்பிறந்தவனைப் புகழ ஒரு அளவு வேண்டாமா? விடிந்தால் நானா, சோறு போட்டால் நானா. இவருக்குக் கவளம் எப்படி உள்ளே இறங்கும்?

அறுபத்து மூன்றாம் வருஷம் அவர்களுடைய மூத்த மகள் ஸரீனா தாய் வீட்டுக்கு வந்து தலைப்பிள்ளையைப் பெற்றாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற விரால் ஆணம் காய்ச்சிக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த விரால் அடுப்படிக்கு உயிரோடு வரவேண்டும். செத்து வந்ததைப் பெண்கள் திரும்பியும் பார்க்கமாட்டார்கள்.

"நானாவுக்குச் சொல்லி அனுப்பவா?" என்று கேட்டாள் ஹமீமா.

"ஏன், இந்த வீட்டுல ஆம்பள இல்லையா?" என்று பாய்ந்தார் மீராசாஹிப். "என்ட மகளுக்கு நான் கொண்டு வாறேன். உசுரோட கொண்டு வாறேன். ஒன்ட நானா வந்து வேடிக்கை பாக்கட்டும்!"

அன்றைக்கே ஒரு பிரம்புக் கூடை வாங்கினார். பலீலுடையதைவிடப் பெரியது. மறுநாள் குளத்தில் அவருக்கு நல்ல நாள். தவளையைக் கொளுவித் தூண்டில் போட்டதும் கை நீளத்துக்கு மூன்று விரால். கூடைக்குள் போட்டு மூடியை இறுக்கிக் கட்டினார். பிறகு தூரத்தில் மிதந்த பலீலின் கூடையைப் பார்த்தார். அங்கேதான் வினை பிடித்தது. 'அவனுடைய மீனுக்குப் பாதித் தண்ணீர்தானே? என் மீனுக்கு முழுத் தண்ணீர் கொடுக்கிறேன்' என்று கூடைக்கு அடியில் ஒரு பாறாங்கல்லைக் கட்டி ஆழத்தில் இறக்கிவிட்டார்.

எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. விரால் மூச்சு எடுக்க மேலே வந்தே ஆகவேண்டிய மீன். அது வாய் திறக்கும் இடத்தைப் பார்த்துத்தான் இந்த மனிதரே தூண்டில் போடுவார்! அறிந்த விஷயத்தையே பொறாமை மறக்கடித்துவிட்டது.

வெயில் ஏறியதும் கூடையைத் தூக்கினார். மூன்றும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன.

"யா அல்லாஹ்! எல்லாம் மவுத்தாப் போச்சே!"

அந்தச் சத்தத்துக்குப் பலீல் தோணியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கல்லைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். சிரிக்கவில்லை. தன் கூடையைத் திறந்து, இருந்ததில் பெரிய விராலை ஈரச் சாக்கில் சுற்றி நீட்டினார்.

"இதக் கொண்டு போங்க மச்சான். நீங்க பிடிச்சதுண்டே சொல்லுங்க. நான் வாய் தொறக்கமாட்டேன்."

கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது மீராசாஹிபுக்கு. தூக்கிக் குளத்தில் எறிந்துவிடலாமா என்றுகூட நினைத்தார். வீட்டில் மகள் காத்திருந்தாள். கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

சாக்கைப் பிரித்ததும் விரால் அடுப்படி முழுக்கத் துள்ளியது. ஹமீமா கைகொட்டிச் சிரித்தாள். "பாத்தீங்களா, மனசு வச்சா ஒங்களாலயும் ஏலும்தானே! நானாட மீன்கூட இப்படித் துள்ளினதில்ல."

இத்தனை வருஷம் கேட்க ஏங்கிய வார்த்தை. கேட்டபோது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

அந்தியில் பிள்ளையைப் பார்க்கப் பலீல் வந்தார். ஸரீனா ஆணத்தைக் குடித்துக்கொண்டே, "மாமா, இந்த விரால் வாப்பா பிடிச்சது, தெரியுமா?" என்றாள்.

"தெரியாம என்ன மகள்? நான் கிட்ட நின்டு பாத்தேன். ஒங்கட வாப்பாட கை ராசியான கை" என்றார் பலீல்.

மீராசாஹிபால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. மீனையும் கொடுத்து, சாட்சியும் சொல்லி, நல்ல மனுஷன் என்ற பேரையும் இந்த ஆளே எடுத்துக்கொண்டு போவதா?

"பொய்!" என்று கத்தினார். "அது இவர்ட மீன். என்ட மீன் மூணும் கூடைக்குள்ளயே செத்துப் போச்சு. இவர் பொய் சொல்றார்!"

தொட்டிலில் பிள்ளை வீறிட்டது. ஹமீமா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு திரும்பினாள். புருஷன் பக்கம் அல்ல.

"என்ன நானா இது? மக்ரிபுக்குப் பாங்கு சொல்ற நேரத்துல, பச்சப்புள்ள இருக்கிற வீட்டுல நின்டுகொண்டு இப்படி வாய் கூசாமப் பொய் சொல்றீங்களே, ஒங்களுக்கு வெக்கமா இல்லையா?"

பலீல் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். மீராசாஹிப் ஒரு பாயை இழுத்துப் போட்டு, சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"இன்னும் நல்லாச் சொல்லு, ஹமீமா" என்றார்.