ஃபஹத் தலையாட்டிய ராட்டினங்கள்

குடைராட்டினம் செய்வதும் ஃபஹத் குடும்பம்தான். பள்ளி விடுமுறையானால் பேட்டை பேட்டையாகக் கொண்டுபோய்க் கேளிக்கைத் திடல் போட்டு ஓட்டுவதும் அவர்கள்தான். வாப்பா தொடங்கியது. அவர் மௌத்தான பிறகு இரும்பு வேலை ஃபஹதுக்கு, லைசென்ஸ், டிக்கெட், ஆள் அம்பு எல்லாம் தங்கை பரீதாவுக்கு என்று ஆனது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம். இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்துப் போட்டாலும் சரி, வீட்டு ஆள் ஒருவர் வெளிவரிசைக் குதிரையில் கண்ணை மூடிக்கொண்டு பத்துச் சுற்றுப் போய்வந்து தலையாட்டினால்தான் பிள்ளைகளை ஏற்றுவார்கள். இருபத்தாறு வருடமாக ஏறுவது ஃபஹத். தம் நிக்காஹ் நாளன்றும் காலையில் ஏறி இறங்கிவிட்டுத்தான் மாலை போட்டுக்கொண்டார். ஒருமுறை கேலாங் பேட்டையில், ‘லெஃப்ட்ல இறங்குது’ என்று இறங்கி வந்தார். தோண்டிப் பார்த்தால், மழையில் ஊறிய மண்ணுக்குள் அடிக்கட்டை அரை விரற்கடை புதைந்திருந்தது. அன்றிலிருந்து பரீதாவுக்கு இன்ஜினியர் காகிதத்தைவிட அண்ணன் உடம்பின்மேல்தான் நம்பிக்கை.

இந்த வருடம் நோன்புக்கு முன்பிருந்தே அந்த உடம்பு சரியில்லை. தொழுகையில் சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்து எழுந்தால் பள்ளிவாசலே சாய்ந்தது. உள்காதுக் கோளாறு, வரும் போகும் என்றார் சிராங்கூன் ரோட்டு டாக்டர். ஃபஹத் யாரிடமும் மூச்சு விடவில்லை.

வெள்ளிக்கிழமை, புக்கிட் பாத்தோக் திடல். பத்துச் சுற்று முடிந்து ராட்டினம் நின்றது. ஃபஹத் இறங்கவில்லை.

“என்ன நானா, மாப்பிள்ளை ஊர்வலம்னு நெனச்சிட்டீங்களா? இறங்குங்க லா, வெளியே பிள்ளைங்க கியூ நிக்குது.”

“லெஃப்ட்ல இறங்குது. ஏத்தாதே.”

பரீதா மறுபேச்சுப் பேசவில்லை. ஆட்களைக் கூப்பிட்டு ரசமட்டம் வைத்துப் பார்த்தாள். குமிழி நட்டநடுவில் நின்றது. அடிக்கட்டை, பேரிங், போல்ட்டு எல்லாம் சரி.

“ஒண்ணுமில்லையே நானா. இப்பவும் இறங்குதா?”

ராட்டினம் நின்று அரைமணி நேரம் ஆகியிருந்தது. ஃபஹதின் கண்ணில் எதிரே இருந்த அடுக்குமாடி இன்னும் சாய்ந்துகொண்டிருந்தது.

“மெஷின் இல்ல பரீதா. நான்தான். தலை சுத்துது.”

“எப்பலேர்ந்து?”

“நோன்புக்கு முந்தி.”

அவள் முகம் மாறியது. “அப்ப ஈசூன் திடல்? தெம்பனிஸ் திடல்? அங்கயும் நீங்கதானே ஏறினீங்க? நல்லா இருக்குன்னு தலையாட்டினீங்களே!”

“ஆட்டினேன்.”

“என் மக ஹம்னாவையே நான்தான் தூக்கி உட்கார வெச்சேன், நானா.”

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லைதான். ஆகாமல் போனது அவரால் அல்ல என்பது இருவருக்கும் தெரியும்.

பரீதா அண்ணனை இறக்கி நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு அதே குதிரையில் ஏறினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு பத்துச் சுற்று. இறங்கி அண்ணனிடம் வந்தாள்.

“எனக்கு ஒண்ணுமே தெரியல. நல்லா இருந்தா இப்படித்தான் இருக்குமா?”

ஃபஹத் எதிரே இருந்த அடுக்குமாடியைப் பார்த்தார்; அது இன்னும் நேராகவில்லை.

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வரிசையை நோக்கிப் போனாள். முதலில் நின்ற தாயிடம், “இன்னைக்கு ஓடாதும்மா, சாரி,” என்றாள்.

“ஏன்க்கா, ரிப்பேரா?”

பரீதா திரும்பி அண்ணனைப் பார்த்தாள்.

“ஆமா,” என்றாள்.