வெள்ளிக்கிழமை மங்கும் பொத்தான்

இங்கே பதினொன்றரை மணி ஆனால் போதும், எதிர்ப்படும் எல்லோரும் "மால்ட்ஸைட்" என்கிறார்கள். சாப்பாட்டு வேளை என்று பொருள். மாடிப்படியில் சொல்கிறார்கள், லிஃப்டில் சொல்கிறார்கள், கழிப்பறைக் கதவைத் திறந்துகொண்டு வருகிறவரும் சொல்கிறார். ஜெர்மனிக்கு வந்து ஐந்து வருடமாகியும் அந்த இடத்தில் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இத்தனைக்கும், தெருவில் எதிர்ப்பட்டவனை "சாப்டியா" என்று கேட்டே நிறுத்துகிற திண்டுக்கல்காரன் நான்.

என் வேலையும் சாப்பாடு பற்றியதுதான். முதியோர் இல்லங்களுக்குச் சமைத்து அனுப்பும் ஒரு சமையல்கூடத்துக்கு எங்கள் நிறுவனம் மென்பொருள் எழுதுகிறது. அதன் திரைகள் பழைய ஃபிரேம்வொர்க் ஒன்றில், அதாவது திரைகளைத் தாங்கும் ஆயத்தச் சட்டகம் ஒன்றில், கட்டியவை. அவற்றைக் கழற்றிப் புதியதில் ஏற்றும் பொறுப்பு என்னுடையது. இந்தத் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. பொத்தான் எங்கே இருக்கிறது, என்ன நிறம் என்பதெல்லாம் ஃபிரேம்வொர்க்கின் பாடு. யாருக்கு எதைக் கொடுக்கலாம், கொடுக்கக் கூடாது என்பது தொழிலின் விதி. இரண்டையும் தனித்தனியே வைத்தால், நாளைக்கு ஃபிரேம்வொர்க்கைத் தூக்கி எறிந்தாலும் விதி பிழைத்துக்கொள்ளும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்த வகுப்பை எடுப்பவன் நான்தான். ஊருக்குத்தான் உபதேசம்.

பழைய திரை ஒன்றில், ஹில்டா என்ற அம்மையாரின் பெயருக்கு எதிரே இருந்த இறைச்சிப் பொத்தான் வாரத்தில் ஒருநாள் மட்டும் அழுத்த முடியாதபடி மங்கிக் கிடந்தது. உடன் வேலை பார்க்கும் உர்சுலாவிடம் ஏன் என்று கேட்டேன். "அன்று வெள்ளிக்கிழமை, அதனால்" என்றார். வெள்ளிக்கிழமை மதியமே இங்கே பாதிப்பேர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். பொத்தானும் லீவு போடுகிறது என்று கிண்டல் செய்வதாக நினைத்துச் சிரித்தேன். எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்து அவரும் சிரித்தார். திரைக் கோளாறு என்று முடிவு கட்டி, அதை மங்கவைத்த நிரல் வரியை அழித்துவிட்டேன்.

புதிய திரை ஓடத் தொடங்கிய முதல் வெள்ளிக்கிழமை, இல்லத்திலிருந்து போன் வந்தது. ஹில்டா அம்மையார் தட்டைத் திறந்து பார்த்தார், மூடிவைத்தார், சாப்பிடாமலே இருந்துவிட்டார். வெள்ளிக்கிழமை கறி தொடாத கத்தோலிக்கர். எண்பது வயதுக்கு மேல். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இந்த அலுவலகத்தில் யாருக்குப் புரியாவிட்டாலும் எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை கறி கிடையாது. அம்மா பள்ளிக்கூட டீச்சர். காலையிலேயே முருங்கைக்கீரையை உருவிச் சமைத்துவைத்துவிட்டுக் கிளம்புவாள். கூடாது என்று எனக்கு யாரும் சொன்னதாக நினைவில்லை. அம்மா சமைக்கவில்லை, நான் தின்னவில்லை, அவ்வளவுதான். விதி என்னிடம் இல்லை, அவள் அடுப்படியில் இருந்தது. நான் அடுப்படி மாறியதும் அது உதிர்ந்துவிட்டது, உதிர்ந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. நான் இங்கே வருமுன்பே அப்பா இறந்துவிட்டதால் தனியாக இருக்கும் அம்மா, வெள்ளிக்கிழமைதோறும் போன் செய்து என்ன வெஞ்சனம் என்று கேட்பாள். கோசு, பீன்ஸ் என்று ஐந்து வருடமாகப் பொய் சொல்லிவந்தேன்.

மேலாளர், ஒரே ஒருவருக்காக எதற்கு, சமையல்கூடத்தில் சீட்டு ஒட்டினால் போதும் என்றார். நான் விடவில்லை. எந்தத் திரையையும் சாராமல் அந்த விதியைத் தனியாக எழுதினேன். அதைத் தினமும் காலையில் இயந்திரமே சரிபார்க்கும்படியும் செய்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை அம்மையாருக்கு உருளைக்கிழங்கும் முட்டையும் போயின. தட்டு காலியாகத் திரும்பியது என்று உர்சுலா வந்து சொன்னபோது கண் கலங்கிவிட்டது.

அந்த நிம்மதியில் கேன்டீனுக்குப் போய், யோசிக்காமலே கோழியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அம்மா கூப்பிட்டாள்.

"என்னப்பா, இன்னிக்கு என்ன வெஞ்சனம்?"

"கோழிம்மா." அதற்குமேல் மறைக்க மனம் வரவில்லை. "இங்க வந்ததுலருந்து வெள்ளிக்கிழமையும் கறிதான் திங்கிறேன். ஒங்கிட்ட பொய் சொன்னேன்."



"சரி விடு, வயிறு நெறஞ்சாச் சரி" என்றாள். "நீ போனதுலருந்து நான் கறியே எடுக்கலப்பா. ஒருத்திக்குன்னு யாரு போயி கறிக்கடையில நிக்கிறது? எனக்கு ஏழு நாளும் வெள்ளிக்கிழமதான்."

போனைக் காதோடு வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். தட்டைத் தள்ளிவைக்கவும் முடியவில்லை, கை வைக்கவும் முடியவில்லை.